மெயில் லிஸ்ட் தூங்கிப்போச்சா? ஆஃபர் அனுப்புறதுக்கு முன்னாடி அனுமதி கேளுங்க



சொந்தமா தொழில் பண்றவங்க, ஆன்லைன்ல கோர்ஸ் நடத்துறவங்க, ஃப்ரீலான்ஸ் வேலை பாக்குறவங்கன்னு நிறைய பேர்கிட்ட ஒரு எக்செல் ஷீட் இருக்கும். வாடிக்கையாளர்களோட மெயில் ஐடி எல்லாம் அதுல வரிசையா கிடக்கும். ஆரம்பத்துல ரெண்டு மூணு மெயில் போயிருக்கும். அப்புறம் ஆர்டர் வேலை, ஜிஎஸ்டி வேலை, வீட்டு வேலைன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து, அந்த ஷீட்டைத் திறந்தே ரெண்டு வருஷம் ஆகியிருக்கும்.

திடீர்னு ஒரு மாசம் விற்பனை படுத்துடும். தீபாவளி வேற நெருங்கிட்டு இருக்கும். அப்பதான் ஞாபகம் வரும்: "நம்மகிட்டதான் 8,000 பேரோட மெயில் ஐடி இருக்கே! எல்லாருக்கும் ஒரு ஆஃபர் தட்டி விட்டா என்ன?"

என் பதில்: தட்டி விடாதீங்க. முதல்ல அனுமதி கேளுங்க. பதில் வராதவங்களை நீக்குங்க. மிச்சம் இருக்கிறவங்ககிட்ட மட்டும் வியாபாரம் பேசுங்க. 8,000 பேர் 900 பேரா சுருங்கினாலும் பரவாயில்லை.

"என்னங்க, கையில இருக்கிற சொத்தை அழிக்கச் சொல்றீங்களே?"ன்னு தோணும். மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லலை. காசு கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இதுதான் லாபம். எப்படின்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

தூங்கிப்போன கணக்கு

நம்ம வாசகர்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு சேமிப்புக் கணக்குல 2 வருஷத்துக்கு மேல நீங்களா எந்தப் பரிவர்த்தனையும் பண்ணலைன்னா, ரிசர்வ் வங்கி விதிப்படி அது 'இன்ஆபரேட்டிவ்' கணக்கு. வங்கி போடுற வட்டி இதுல கணக்கே இல்லை. அந்தக் கணக்கை மறுபடி உயிர்ப்பிக்கணும்னா வாடிக்கையாளர்தான் கேட்கணும், கேஒய்சி கொடுக்கணும். "இவர் நம்ம பழைய கஸ்டமர்தானே"ன்னு மேனேஜர் தன் இஷ்டத்துக்கு டிக் அடிச்சுட முடியாது.

கவனிக்காம விட்ட மெயில் லிஸ்ட்டும் அப்படித்தான். எப்பவோ ஒரு நாள் அவர் ஐடி கொடுத்தார். அன்னைக்கு அவருக்கு உங்களைத் தெரியும். இன்னைக்குத் தெரியுமான்னு சொல்ல முடியாது. அந்தக் கணக்கு உயிரோட இருக்கான்னு சொல்ல வேண்டியவர் அவர்தான், நீங்க இல்லை.

ஆனா ரெண்டு வித்தியாசம் இருக்கு. வங்கியில தூங்குற பணம் அப்படியே இருக்கும். 10 வருஷம் கேட்பாரில்லாம கிடந்து ரிசர்வ் வங்கியோட நிதிக்குப் போனாலும், உரிமையாளர் வந்து கேட்டா திரும்பக் கிடைக்கும். மெயில் லிஸ்ட் அப்படி நிக்காது, மாசா மாசம் கரையும். ரெண்டாவது, தூங்குற வங்கிக் கணக்கால உங்க மத்த கணக்குக்கு எந்த ஆபத்தும் இல்லை. தூங்குற லிஸ்ட்டைத் தப்பா எழுப்பினா, நல்லா போயிட்டு இருக்கிற உங்க மத்த மெயில்களையும் அது இழுத்துக்கிட்டுப் போகும்.

1,000 பேர்ல 3 பேர்

ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமா மெயில் அனுப்புறவங்களுக்கு விதிகளை இறுக்கிட்டாங்க. ஒரு நாளைக்கு 5,000 ஜிமெயில் ஐடிகளுக்கு மேல அனுப்புறவங்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூணையும் செட் பண்ணியிருக்கணும். இந்த மூணும் "இந்த மெயில் உண்மையிலேயே இந்த டொமைன்ல இருந்துதான் வருது"ன்னு நிரூபிக்கிற அடையாள அட்டை மாதிரி. மார்க்கெட்டிங் மெயில்ல ஒரே கிளிக்ல விலகிக்கிற வசதி இருக்கணும், விலகினவரை 2 நாளுக்குள்ள எடுத்துடணும். மைக்ரோசாஃப்டும் 2025 மே மாசத்துல அவுட்லுக் மெயில்களுக்கு இதே மாதிரி அடையாள விதிகளைக் கொண்டு வந்துச்சு.

"நான் 5,000 எல்லாம் அனுப்பலையே"ன்னு நிம்மதி ஆகாதீங்க. ஸ்பேம் புகார் பத்தின விதி சின்ன ஆளுக்கும் பொருந்தும். புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1 சதவீதத்துக்குக் கீழ இருக்கிறதுதான் நல்லதுன்னு கூகுள் சொல்லுது.

இதை எண்ணிக்கையில பாருங்க. 5,000 ஜிமெயில் இன்பாக்ஸுக்கு உங்க மெயில் போய்ச் சேருதுன்னு வச்சுக்குங்க. 5 பேர் 'ஸ்பேம்' அழுத்தினா 0.1 சதவீதம். 15 பேர் அழுத்தினா 0.3 சதவீதம். அவ்வளவுதான் உங்களுக்கு இருக்கிற இடம். ஒரு கல்யாண மண்டபத்துல 1,000 பேர் சாப்பிடும்போது 3 பேர் குழம்பு சரியில்லைன்னு சொன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஜிமெயில் அந்த 3 பேரைக் கேட்டுத்தான் முடிவு பண்ணும்.

ரெண்டு வருஷமா சத்தமே இல்லாம இருந்துட்டு திடீர்னு "40% தள்ளுபடி!"ன்னு போய் நின்னா, 5,000 பேர்ல 15 பேருக்குக்கூட "இவன் யாரு?"ன்னு தோணாதா? அவங்க கெட்டவங்க இல்லை. அவங்களுக்கு உங்களை ஞாபகம் இல்லை, அவ்வளவுதான். விலகுற லிங்க்கைத் தேடி மெயிலோட அடிவரைக்கும் போறதைவிட மேலே இருக்கிற ஸ்பேம் பட்டனை அழுத்துறது ஈஸி.

ஆஃபரோட சேர்ந்து கோட்டேஷனும் போச்சு

இதுல நிஜமான நஷ்டம் எங்க இருக்குன்னு பார்ப்போம். சென்னிமலையில பெட்ஷீட் நெய்து ஆன்லைன்ல விக்கிற ஒரு குடும்பம்னு கற்பனை பண்ணிக்குங்க. பழைய லிஸ்ட்டுக்கு தீபாவளி ஆஃபர் அடிச்சாங்க. புகார் ஏறிடுச்சு. அந்த டொமைனோட பேரு ஜிமெயில்கிட்ட கெட்டுப்போச்சு.

அடுத்த வாரம் ஊட்டியில ஒரு ஹோட்டல்காரர் 200 பெட்ஷீட்டுக்கு விலை கேட்கிறார். அதே டொமைன்ல இருந்து கோட்டேஷன் போகுது. அது ஹோட்டல்காரரோட ஸ்பேம் ஃபோல்டர்ல விழுது. அவர் பார்க்கலை. "பதிலே போடலையே"ன்னு வேற இடத்துல வாங்கிட்டார். இவங்களுக்கு என்ன நடந்ததுன்னே தெரியாது. "விலை அதிகமா இருந்திருக்கும்போல"ன்னு நினைச்சுக்குவாங்க.

இன்வாய்ஸ், ஆர்டர் கன்ஃபர்மேஷன், பணம் ஞாபகப்படுத்துற மெயில் எல்லாத்துக்கும் இதே கதிதான். சின்ன தொழிலுக்கு ஆஃபர் மெயில்ல வர்ற காசைவிட, இந்தத் தினசரி மெயில்கள் சுமக்கிற காசு ரொம்ப பெருசு. "புது டொமைன் வாங்கி அனுப்பிக்கலாம்"ங்கிற ஐடியாவும் வேலைக்கு ஆகாது. பேரே இல்லாத புது டொமைன்ல இருந்து ஒரே நாள்ல ஆயிரக்கணக்குல மெயில் கிளம்பினா அதுக்கு இன்னும் அதிக சந்தேகம்தான் வரும்.

லிஸ்ட் ஏன் கரையுது?

கம்பெனி மெயில் ஐடி கொடுத்தவர் வேலை மாறியிருப்பார், அந்த ஐடி மூடியாச்சு. காலேஜ் ஐடி கொடுத்த பையன் படிப்பு முடிச்சுட்டான். 2 வருஷமா பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கற வேலையை கூகுள் 2023 டிசம்பர்ல ஆரம்பிச்சுது. ஆக, உங்க 8,000-ல ஒரு பகுதி இன்னைக்கு உலகத்துலயே இல்லை. அதுங்களுக்கு அனுப்பினா 'பவுன்ஸ்' ஆகித் திரும்பும். பவுன்ஸ் அதிகமானா "இவர் பழைய குப்பை லிஸ்ட்டுக்கு அனுப்புறார்"னு மெயில் சர்வீஸ்கள் முடிவு பண்ணிடும்.

இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. ரொம்ப நாளா கைவிடப்பட்ட சில முகவரிகளை எடுத்து, ஸ்பேம் அனுப்புறவங்களைப் பிடிக்கிற பொறியா மாத்தி வச்சிருப்பாங்க. அதுக்கு மெயில் போனா பவுன்ஸே ஆகாது. நல்லா போய்ச் சேர்ந்த மாதிரி காட்டும். ஆனா நீங்க பிளாக்லிஸ்ட் பக்கம் ஒரு படி நெருங்கியிருப்பீங்க. ஒழுங்கா மாசா மாசம் அனுப்புறவர் இதுல சிக்க வாய்ப்பு குறைவு, ஏன்னா அந்த முகவரி செத்த நாளே பவுன்ஸ் ஆகி லிஸ்ட்ல இருந்து போயிருக்கும். ரெண்டு வருஷம் விட்டவர்தான் மாட்டுவார்.

இதுக்கு மேல மாச வாடகை வேற. பெரும்பாலான மெயில் சேவைகள் எத்தனை பேர் லிஸ்ட்ல இருக்காங்களோ அதுக்கு ஏத்த மாதிரிதான் கட்டணம் போடுறாங்க. மெயில்சிம்ப்பை எடுத்துக்குங்க. விலகிப் போனவங்களையும் அது எண்ணிக்கையில சேர்க்குது, நீங்களா ஆர்க்கைவ் பண்ணாத வரைக்கும். படிக்காத ஆளுக்கும், இல்லாத ஆளுக்கும் நீங்க மாசா மாசம் பணம் கட்டிட்டு இருக்கீங்க. எஸ்ஐபி-ல 500 ரூபாய் போட யோசிக்கிறவங்க இதை ஒரு தடவைகூட திறந்து பார்க்கிறது இல்லை.

"எங்களை மறந்துட்டீங்களா?"

இந்த விஷயத்துல பொதுவா கொடுக்கிற அட்வைஸ் ரெண்டு. ஒண்ணு, கூப்பன் கொடுத்து எழுப்புங்க. இன்னொண்ணு, "உங்களை மிஸ் பண்றோம்", "எங்களை மறந்துட்டீங்களா?"ன்னு உருக்கமா எழுதுங்க. ரெண்டுமே எனக்கு உடன்பாடு இல்லை.

உருக்கத்தை முதல்ல எடுத்துக்குவோம். யாரு யாரை மறந்தது? வாடிக்கையாளர் காசு கொடுத்தார், பொருள் வாங்கினார், ஐடி கொடுத்தார். ரெண்டு வருஷம் பேசாம இருந்தது கடைக்காரர். இப்ப வந்து "மறந்துட்டீங்களா"ன்னு கேட்டா, கடனை வாங்கினவரே கொடுத்தவரைப் பார்த்து "ஏன் என் வீட்டுப் பக்கம் வரலை?"ன்னு கேட்கிற மாதிரி இருக்கும்.

கூப்பன் விஷயம் கொஞ்சம் சிக்கலானது, ஏன்னா அது முதல் தடவை வேலை செய்யும். சில ஆர்டர் வரும். அதைப் பார்த்துட்டு "பார்த்தீங்களா, லிஸ்ட் உயிரோடதான் இருக்கு"ன்னு நினைச்சுடுவோம். ஆனா அந்த ஒரு மெயில்ல வாங்கினவங்க மட்டும்தான் நம்ம கண்ணுக்குத் தெரியறாங்க. ஸ்பேம் அழுத்தினவங்களை நாம பார்க்கிறது இல்லை. தள்ளுபடிக்கு மட்டும் எழுந்து வர்றவர் அடுத்த தள்ளுபடி வரைக்கும் மறுபடி தூங்கிடுவார்ங்கிறதும் இருக்கு.

போன ஆறு மாசத்துக்குள்ள வாங்கினவருக்கு ஆஃபர் அனுப்புறது தப்பே இல்லை. அவருக்கு உங்களை நல்லா ஞாபகம் இருக்கும். நான் சொல்றது நீண்ட நாள் பேசாம விட்டவங்களைப் பத்தி.

இங்கிலாந்துல நடந்தது

அனுமதி கேட்கிறதுலயும் ஒரு எல்லை இருக்கு. ஃப்ளைபி-ன்னு ஒரு விமான நிறுவனம் 2016-ல "உங்க விவரங்கள் சரியா இருக்கா?"ன்னு கேட்டு 33 லட்சத்துக்கும் மேல மெயில் அனுப்புச்சு. பிரச்சனை என்னன்னா, அவங்க எல்லாருமே "எங்களுக்கு மார்க்கெட்டிங் மெயில் வேண்டாம்"னு ஏற்கெனவே சொன்னவங்க. அந்த நாட்டு தகவல் ஆணையர் அலுவலகம் 2017-ல 70,000 பவுண்டு அபராதம் போட்டுச்சு. அதே நேரத்துல ஹோண்டாவோட ஐரோப்பிய நிறுவனத்துக்கும் 13,000 பவுண்டு அபராதம். கிட்டத்தட்ட 2.9 லட்சம் பேர்கிட்ட "எங்க மெயில் உங்களுக்கு வேணுமா?"ன்னு கேட்டாங்க, ஆனா அந்த ஐடி எல்லாம் எந்த அனுமதியில வந்ததுன்னு அவங்களால காட்ட முடியலை.

அதே 2017-ல ஜேடி வெதர்ஸ்பூன்ங்கிற பப் நிறுவனம் வேற வழியில போச்சு. தன்னோட நியூஸ்லெட்டர் லிஸ்ட் முழுசையும் அழிச்சுடுச்சு. வச்சிருக்கிறதால வர்ற லாபத்தைவிட தொல்லை அதிகம்னு ஒரு பெரிய நிறுவனமே முடிவு எடுத்த உதாரணம் இது. எல்லாரும் அப்படிப் பண்ணணும்னு நான் சொல்லலை. ஆனா லிஸ்ட்டை அழிச்சா தொழில் செத்துடாதுன்னு மனசுல வச்சுக்குங்க. அந்தப் பயம் போனாதான் அடுத்த வேலையைச் சரியா பண்ண முடியும்.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவுலயும் 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. விதிகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு. முக்கியமான கடமைகள் அதுல இருந்து 18 மாசம் கழிச்சு நடைமுறைக்கு வரும். ரெண்டு விஷயம் நமக்கு நேரடியா பொருந்தும். ஒண்ணு, சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்ப வாங்கிக்கிறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும். ரெண்டு, சட்டம் நடைமுறைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாங்கின சம்மதமா இருந்தாலும், "உங்க தகவலை இதுக்காக வச்சிருக்கோம், உங்க உரிமை இது"ன்னு முடிஞ்ச அளவு சீக்கிரம் அவருக்கு நோட்டீஸ் கொடுக்கணும்.

அதனால பழைய லிஸ்ட்டுக்கு ஒரு தடவை நேர்மையா எழுதறது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். அதை இப்பவே ஒழுங்கா செஞ்சுட்டா பின்னாடி அவசரப்பட வேண்டியது இல்லை.

சரி, எப்படி எழுப்பறது?

1. முதல்ல கழிங்க. யார்கிட்டயோ காசு கொடுத்து வாங்கின ஐடி, வெப்சைட்ல இருந்து சுரண்டி எடுத்த ஐடி, கண்காட்சியில விசிட்டிங் கார்டு பார்த்து டைப் பண்ணின ஐடி எல்லாத்தையும் நீக்குங்க. ஏற்கெனவே விலகினவங்களுக்கு மறுபடி "வேணுமா"ன்னு கேட்கவே கேட்காதீங்க. ஃப்ளைபி மாட்டினது அங்கதான்.

2. மிச்சத்தைத் தேதி வாரியா பிரிங்க. கடைசியா எப்ப வாங்கினார், எப்ப பதில் போட்டார், எப்ப கிளிக் பண்ணினார்னு பாருங்க. 'ஓப்பன்' எண்ணிக்கையை நம்பாதீங்க. 2021-ல இருந்து ஆப்பிள் மெயில் ஆப்ல, ஆள் திறக்காமலேயே திறந்த மாதிரி காட்டுற பிரைவசி வசதி இருக்கு. கிளிக், பதில், பர்ச்சேஸ் இந்த மூணுதான் நம்பக்கூடிய அடையாளம்.

3. டெக்னிக்கல் வேலையை முடிங்க. சொந்த டொமைன்ல எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் செட் பண்ணுங்க. பெரும்பாலான மெயில் சேவைகள் என்ன காப்பி பேஸ்ட் பண்ணணும்னு அவங்களே கொடுத்துடுவாங்க. ஜிமெயில் ஐடியை அனுப்புநரா போட்டு வேற சேவை மூலமா மொத்தமா அனுப்பாதீங்க, அது போய்ச் சேராது. கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசம். உங்க டொமைனை அதுல சேர்த்து வச்சுக்குங்க.

4. சின்னச் சின்னதா அனுப்புங்க. ரொம்ப சமீபத்துல வாங்கின 200 பேருக்கு முதல்ல. ரெண்டு நாள் பாருங்க. பவுன்ஸும் புகாரும் குறைவா இருந்தா அடுத்த 300. பழையவங்களை நோக்கிப் போகப் போக எண்கள் மோசமாகும். எங்க மோசமாகுதோ அங்கயே நிறுத்திடுங்க. அதுக்கு அப்பால இருக்கிற முகவரிகளை விட்டுடுங்க.

5. ரெண்டே மெயில். முதல் மெயிலுக்குப் பதில் இல்லைன்னா 2 வாரம் கழிச்சு இன்னொண்ணு. அதுக்கும் பதில் இல்லைன்னா நீக்குங்க. மூணாவது மெயில் வேண்டாம்.

அந்த மெயில்ல என்ன எழுதறது?

பேனர், ஜிஃப், ஆஃபர் எதுவும் வேண்டாம். நீங்க யாரு, அவர் ஐடி உங்ககிட்ட எப்படி வந்தது, இனிமே என்ன அனுப்பப் போறீங்க, எவ்வளவு அடிக்கடி அனுப்புவீங்க, வேண்டாம்னா என்ன பண்ணணும். இவ்வளவுதான். அந்தச் சென்னிமலைக் குடும்பம் எழுதினா இப்படி இருக்கலாம்:

சப்ஜெக்ட்: சென்னிமலை பெட்ஷீட் – இனியும் உங்களுக்கு மெயில் அனுப்பலாமா?

"வணக்கமுங்க. சென்னிமலையில இருந்து எழுதறோம். 2023-ல எங்க வெப்சைட்ல பெட்ஷீட் வாங்கினப்போ இந்த மெயில் ஐடி கொடுத்திருந்தீங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாளா நாங்க எதுவும் எழுதலைங்க.

இனிமே மாசம் ரெண்டு மெயில் அனுப்பலாம்னு இருக்கோம். தறியில இருந்து புதுசா இறங்கின டிசைன், கலர் துணியைச் சாயம் போகாம துவைக்கிற முறை, எப்பவாவது தள்ளுபடி இருந்தா அது. வேற எதுவும் வராதுங்க.

வேணும்னா 'தொடர்ந்து அனுப்புங்க' பட்டனை அழுத்துங்க. வேண்டாம்னா பக்கத்துலயே 'வேண்டாம்' பட்டன் இருக்கு. ரெண்டும் அழுத்தலைன்னா இன்னும் ஒரே ஒரு தடவை கேட்போம், அப்புறம் உங்க ஐடியை எடுத்துடுவோம்.

நீங்க வாங்கின பெட்ஷீட் இப்ப எப்படி இருக்குங்க? ஒரு வரி பதில் போட்டாலும் சந்தோஷம்."

'வேண்டாம்' பட்டனை 'வேணும்' பட்டனுக்குப் பக்கத்துலயே, அதே சைஸ்ல வைங்க. போறவரைத் தடுக்கிறதுல லாபமே இல்லை. அவருக்குக் கதவு தெரியலைன்னா ஸ்பேம் பட்டன் வழியாதான் போவார். கடைசியில இருக்கிற கேள்வியையும் விட்டுடாதீங்க. ஒருத்தர் பதில் எழுதினா, உங்க மெயில் வேணும்ங்கிறதுக்கு ஜிமெயிலுக்கு அதைவிட நல்ல சாட்சி வேற இல்லை. சில பதில்ல "ரெண்டு தடவை துவைச்சதும் சுருங்கிடுச்சு"ன்னும் வரும். அதுக்கும் உட்கார்ந்து பதில் போடுங்க. அந்த ஆள்தான் திரும்ப வாங்குவார்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

இது முழுக்க உதாரணக் கணக்கு. உங்க எண்களைப் போட்டுப் பார்த்துக்குங்க.

8,000 பேருக்கும் நேரா ஆஃபர் அடிச்சா 40 ஆர்டர் வருதுன்னு வச்சுக்குவோம். ஒரு ஆர்டர் 1,200 ரூபாய்னா 48,000 ரூபாய். அடுத்த மெயில் பாதிக்கு மேல ஸ்பேமுக்குப் போகுது, 10 ஆர்டர். அதுக்கடுத்து 3. வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து 53 ஆர்டர், 63,600 ரூபாய். கூடவே கெட்டுப்போன டொமைன்.

இன்னொரு பக்கம், அனுமதி கேட்டு 900 பேர் "அனுப்புங்க"ன்னு சொல்றாங்க. மாசம் ரெண்டு மெயில், வருஷத்துக்கு 24. ஒவ்வொரு மெயிலுக்கும் 100-ல ஒருத்தர் வாங்கினா 9 ஆர்டர். 24 மெயிலுக்கு 216 ஆர்டர், 2,59,200 ரூபாய். அதுல பாதிதான் நடந்துச்சுன்னு வச்சுக்கிட்டாக்கூட 1,29,600. 900 பேருக்கான சேவைக் கட்டணமும் 8,000 பேருக்கானதைவிடக் குறைவு.

முதல் மாசத்தை மட்டும் பார்த்தா ஆஃபர் அடிச்சவர் ஜெயிச்ச மாதிரி இருக்கும். வருஷக் கடைசியில பார்த்தா கதை வேற. முதலீட்டுல நாம திரும்பத் திரும்பப் பேசுற விஷயம்தானே இது?

"வாட்ஸ்அப் இருக்கும்போது மெயில் எதுக்கு?"

நியாயமான கேள்வி. நம்ம ஊர்ல மெயிலைவிட வாட்ஸ்அப்தான் சீக்கிரம் பார்ப்பாங்க. ஆனா ஏபிஐ வழியா அனுப்புற மார்க்கெட்டிங் மெசேஜுக்குத் தனித்தனியா கட்டணம் உண்டு. எஸ்எம்எஸ்-னா டிஎல்டி பதிவு, டெம்ப்ளேட் அனுமதி எல்லாம் வேணும். ரெண்டுமே தப்பில்லை, தேவைப்பட்டா பயன்படுத்துங்க. ஆனா 900 பேருக்கு நிதானமா ஒரு விஷயத்தை விளக்கணும்னா மெயில்தான் மலிவான வழி. அந்த லிஸ்ட்டை நீங்க ஒரு சேவையில இருந்து இன்னொரு சேவைக்குத் தூக்கிட்டுப் போகவும் முடியும். ஃபாலோயர்களை அப்படித் தூக்கிட்டுப் போக முடியாது. அனுமதி விஷயம் வாட்ஸ்அப்புக்கும் அப்படியே பொருந்தும். அங்க 'பிளாக்' பட்டன் இன்னும் பக்கத்துல இருக்கு.

எழுப்பவே கூடாத லிஸ்ட்

சில லிஸ்ட்டை அப்படியே விட்டுடறதுதான் நல்லது. ஐடி எங்கிருந்து வந்ததுன்னு உங்களுக்கே தெரியலைன்னா விட்டுடுங்க. தொழிலே மாறிடுச்சுன்னா, அதாவது அன்னைக்கு டியூஷனுக்காக வாங்கின ஐடிக்கு இன்னைக்கு இன்ஷூரன்ஸ் விக்கப் போறீங்கன்னா விட்டுடுங்க. அவர் சம்மதிச்சது டியூஷனுக்கு மட்டும்தான்.

முக்கியமா இன்னொண்ணு. அடுத்த ஆறு மாசத்துக்கு என்ன எழுதப் போறோம்னு ஒரு தாள்ல 12 தலைப்பு எழுத முடியலைன்னா, இப்போதைக்கு எழுப்பாதீங்க. எழுப்பி, "மாசம் ரெண்டு மெயில்"னு வாக்கு கொடுத்து, மறுபடி காணாம போனா, அடுத்த தடவை அந்த 900 பேரும் இருக்க மாட்டாங்க. மாசம் ரெண்டு முடியாதுன்னா மாசம் ஒண்ணுன்னு சொல்லுங்க. சொன்னதைச் செய்யுங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த எக்செல் ஷீட்டைத் திறங்க. மெயில் எதுவும் அனுப்ப வேண்டாம். முதல் நாள் வேலை நீக்கறது மட்டும்தான். எத்தனை பேர் மிச்சம் இருக்காங்கன்னு பார்த்துட்டு, அந்த 12 தலைப்பை எழுதிப் பாருங்க. எஸ்பிஎஃப், டிகேஐஎம் செட் பண்றதை ஸ்க்ரீன்ல ஒவ்வொரு படியா காட்டினா உதவியா இருக்கும்னு நினைக்கிறவங்க சொல்லுங்க, சேனல்ல தனி வீடியோவா போட்டுடலாம்.